சிவப்பு அட்டை

ஜூன் 3, செவ்வாய்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று பகல் எங்கள் செங்கல் பட்டறை ஹமோங்கா மாஸ்டரின் சாப்பாட்டுப் பெட்டியில், நிஷிமாக் களியின் மேல், ஒரு தவளை குடியேறியது. குடியேற்றியவர் யாரென்று தெரியவில்லை. தவளையும் வாய் திறக்கவில்லை.

இன்னொன்று: சனிக்கிழமை நகராட்சி மண்டபத்தில் எங்கள் சங்கம் பேசுகிறது. மூளை மெதுவாக ஓடுகிறவர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசும் சங்கம். பேச்சாளர் நான்தான். எனக்கு எழுத்துதான் தவழும், நாக்கு பறக்கும். எங்களுக்குச் சட்டம் ஒன்றே: புரியவில்லையென்றால் சிவப்பு அட்டையைத் தூக்கலாம். பேசுகிறவர் நிறுத்தி, எளிதாகத் திரும்பச் சொல்ல வேண்டும். போன கூட்டத்தில் ஒன்பது முறை தூக்கினேன். எல்லாமே புரிந்தது.

ஜூன் 4

பட்டறையில் மாஸ்டர், என்னோடு மண் குழைக்கும் எங்கள் சங்கத்து லுவேண்டோவை அடித்தார். ரப்பர் குழாயால். பெட்டிக்குப் பக்கத்தில் அவள்தான் உட்கார்ந்திருந்தாளாம்.

"தவளைய வெச்சது யாருடி? சொல்லுடி!"

அவள் ஒரு சொல் எடுப்பதற்குள் நாலு அடி விழுந்துவிடும். அட்டையைத் தூக்கினாள். நிறுத்துவார் என்று நினைத்தாள்! தூக்கிய கையிலேயே அடித்தார். மறுபடி தூக்கினாள். மறுபடி அதே கை. விரல் ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஈரச் செங்கலில் ரத்தம்.

நான் — மண் குழைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 5

சனிக்கிழமை எல்லாவற்றையும் சொல்வேன், அந்த ஆளைக் கிழித்துத் தோரணம் கட்டுவேன் என்று பட்டறை முழுக்கச் சொன்னேன். அவர் காதிலும் விழுந்தது. என் பிடரியைப் பிடித்துச் செங்கல் அடுக்கில் மோதினார். முன்பல் போச்சு.

"மண்டபத்துல வாயத் தொறந்தே, மிச்சப் பல்லும் இருக்காதுடா."

போகட்டுமே! பேசத்தான் போறேன்.

ஜூன் 7

பேசினேன்! மண்டபமே அதிர்ந்தது. மாஸ்டர் நடுங்கினார். இனி அவர் பட்டறைக்கு வரமாட்டார்.

ஜூன் 8

நேற்று எழுதியதில் கடைசி வரி மட்டும் நிஜம்.

மேடை ஏறினேன். நாக்கு ஏறவில்லை. முன்வரிசையில் மாஸ்டர். 'வணக்கம்' பல் போன சந்தில் காற்றாய்ப் போயிற்று. இறங்கிவிட்டேன்.

லுவேண்டோ ஏறினாள். கட்டுப்போட்ட கையை நீட்டி, "இவரு... அடிச்சாரு" என்றாள். அவ்வளவுதான்.

நகராட்சி அதிகாரி எழுந்தார். "உரிய விசாரணைக்குப் பின் தக்க நடவடிக்கை பரிசீலிக்கப்படும்."

அட்டையைத் தூக்கினாள். வேறு மாதிரிச் சொன்னார். அவள் இறக்கவில்லை. அவள் கையில் அட்டை நிஜமாகவே அட்டைதான், ஒட்டினால் விடாது. பின்வரிசையில் இன்னொரு சிவப்பு. இன்னொன்று. பிறகு மண்டபம் முழுக்க.

"சார். அவரு... திங்கக்கிழம... வருவாரா, மாட்டாரா?"

அதிகாரி நெற்றியைத் துடைத்தார். "வரமாட்டாரும்மா."

மாஸ்டர் நாற்காலியைத் தூக்கி அவள்மேல் எறிந்தார். அவள் தோளில் பட்டது. வாசலில் காவலுக்கு நின்ற இரண்டு போலீஸ்காரர்கள் அவரைத் தரையில் போட்டு முழங்காலால் அமுக்கினார்கள்.

வீடு திரும்பும்போது கேட்டாள்: "மைன்சா, அந்தத் தவளை... நீ வெச்சதுதானே?"

என் கை தானாக அட்டையைத் தூக்கியது.

அவள் நின்றாள். சட்டப்படி எளிதாகத் திரும்பச் சொன்னாள்.

"தவளை. நீ."

அட்டையை இறக்கினேன். "ஆமா" என்றேன். அதுவும் பாதி காற்று.