படிக்கு வெளியே ஜிம்மி

1990 டிசம்பர் 2

இன்றும் நான்கு வரி எழுதிவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் எழுத்துப் படித்தவன் நான். பக்கத்து வீட்டில் இருக்கும், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை பார்க்கும் செல்வரத்தினம் மாலையில் வந்து சொல்லித்தந்தார். அப்துல் ஸமத்! என் பெயர் பார்க்க இவ்வளவு அழகு என்று யாருக்குத் தெரியும்? உக்குவளைக் கடைத்தெரு முழுக்கக் காட்டினேன்.

இப்போது அவர் வருவதில்லை. மன்னாரில் கட்டிக்கொடுத்த மகள் கைறுன்னிஸா போன மாதம் வந்துவிட்டாள். அங்கே முஸ்லிம்கள் எல்லோரையும் தமிழ் இயக்கக்காரர்கள் துவக்கை நீட்டி வெளியேற்றிவிட்டார்கள். மருமகன் புத்தளத்து அகதி முகாமில். கைக்குழந்தை மஸீஹா இல்லை. கடலில் வரும்போது மௌத்தாகிப் போய்விட்டாள் என்பது மட்டும் தெரியும். மகள் பேசுவதில்லை. அழுவதும் இல்லை. செல்வரத்தினத்தின் யாழ்ப்பாணப் பேச்சு காதில் விழுந்தாலே நடுங்குகிறாள். அவராகவே வராமல் நின்றுகொண்டார்.

டிசம்பர் 9

அவர் வராவிட்டாலும் அவருடைய நாய் ஜிம்மி வருகிறது. கோப்பிக்கொட்டை காயும் பாய்க்குப் பக்கத்தில் படுக்கும். சுவரையே பார்த்துக்கொண்டிருந்த மகள் இன்று எழுந்துபோய் வாசற்படியில் உட்கார்ந்தாள். நாய் வீட்டுக்குள் வரக்கூடாது அல்லவா, அதனால் அவள் வெளியே வந்தாள்!

டிசம்பர் 15

ஜிம்மி மகளின் கையை நக்கிவிட்டது. என் மனைவி பீபி கத்தினாள். "ஏழு தரம் கழுவோணும், ஒரு தரம் மண் போட்டு! தொழுற ஊட்டுல நாய்க்கு என்ன வேல?"

மகள் போய்க் கழுவினாள். வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். மறுபடியும் நக்கியது. நான் சிரித்துவிட்டேன். பீபி பார்த்த பார்வை — அதை எழுத இன்னும் படிக்கவில்லை.

டிசம்பர் 18

பீபி சொல்வதும் சரிதானே. நாயைக் கட்டிவைக்கச் சொன்னேன். "அதுக்கென்ன நானா, கட்டிவிடுறன்" என்றார் செல்வரத்தினம், எப்போதும்போல அண்ணன் முறை வைத்து. முகம் வாடிவிட்டது.

டிசம்பர் 20

மகள் வெளியே வரவில்லை.

டிசம்பர் 23

சோற்றுப் பீங்கான் வைத்தபடியே இருக்கிறது. அங்கே ஜிம்மி ஊளையிடுகிறது, இங்கே இவள் சுவரோடு. என்ன வேல செஞ்சிட்டேன்? யா அல்லாஹ், எனக்கு ஏன் இந்தப் புத்தி?

டிசம்பர் 24

விடிந்ததும் போனேன். "அவுத்து உடுங்க ஐயா."

"உங்கட மகளைத் தேடித்தான் நானா அது கத்துது" என்றார்.

பகலில் கதவுக்குப் பின்னால் நின்றேன். மகள் நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பேசினாள். ஆமாம், பேசினாள்.

"நல்ல மழைடா. போட்டுல மூட ஒண்டும் இல்ல. புள்ளைய முந்தானைக்குள்ள வெச்சிக்கிட்டேன். சூடாத்தான் இரிந்தா. பொறகு குளுந்துட்டா. கரைக்கு வார வரைக்கும் யாருக்கும் சொல்லல. சொன்னா வாங்கிக் கடல்ல போட்டுருவாங்க."

பிறகு அழுதாள். அது அசையாமல் இருந்தது.

பீபியிடம் மட்டும் சொன்னேன். இதற்குமேல் கை ஓடவில்லை.

1991 ஜனவரி 6

வாசற்படியோரம் ஒரு வாளித் தண்ணீர், சிரட்டையில் மண். தினமும் பீபிதான் வைக்கிறாள்.

பொழுதுசாயும் நேரம் வேலிக்கு அப்பால் செல்வரத்தினத்தின் குரல்: "ஜிம்மி, சாப்பிட வாடா!"

மகள் குரல் வந்த பக்கம் திரும்பினாள். ஆனால் உள்ளே ஓடவில்லை. நாயின் முதுகைத் தட்டினாள்.

"போ. தின்னுட்டு வா."