வெள்ளிக்கிழமை நண்டு

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிறு, பூசைக்குப் போய் வந்த பிறகு

அன்பு மகள் கிறிஸ்டினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, என் மூக்குக்குத்தான் சுகமில்லை, ஏன் என்று சொல்கிறேன். நீ டப்ளினில் எப்படி இருக்கிறாய், குளிர் விட்டதா, ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகிறாயா? இதையெல்லாம் போனிலேயே கேட்கலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்துவார். அதனால்தான் கடிதம். அவர் இப்போது பின்னால் உட்கார்ந்து என் இட்லிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நன்றாகத் தேய்க்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு அவருக்கு ஓர் ஓவன் வாங்கி அனுப்பினாயே கிறிஸ், அன்று பிடித்தது சனி. கேக் செய்கிறேன் என்று கரியாக்கினார், பொறுத்துக்கொண்டேன். இப்போது நடந்தது அப்படிப்பட்டது இல்லை. உன் தம்பி கென்னத்துக்கும் கிள்ளான் சீனப் பெண் ஹுய் மின்னுக்கும் உள்ள பழக்கம் உனக்குத் தெரியும். அவள் அப்பா எப்போதோ சரி சொல்லிவிட்டார், அம்மாதான் வாயைத் திறக்கவில்லை. ஆம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை, நம் வீட்டு வாசலை மிதித்ததும் இல்லை. அம்மா சம்மதிக்காமல் கல்யாணம் கிடையாது என்று ஹுய் மின் சொல்லிவிட்டாள், நம் பையன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அப்படி இருக்கையில், இந்த வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட வருகிறோம் என்று அவர்களே சொல்லி அனுப்பினார்கள். தவக்காலத்து வெள்ளி, நாங்கள் இறைச்சி சாப்பிடமாட்டோம், அதை முதலிலேயே சொல்லிவிடடா என்று கென்னத்திடம் சொன்னேன். சொன்னானாம், அந்த அம்மாவுக்கு அதில் ரொம்பச் சந்தோஷமாம். உடனே உன் அப்பா எழுந்தார். சீனர் வீட்டு ஆள்கள், சீன முறையிலேயே நண்டை ஓட்டுக்குள் அடைத்து ஓவனில் சுட்டு வைக்கிறேன், சர்ப்ரைஸ், நீ ஒருத்தரிடமும் மூச்சு விடாதே என்றார். எனக்கு நண்டைக் கண்டாலே குமட்டும் என்பது கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவருக்குத் தெரியும்.

விடிந்ததும் கொம்யூட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் மீன் பாசாருக்குப் போய் உயிர் நண்டு வாங்கிக்கொண்டு வந்தார். பை ஒழுகி, ரயிலில் அவர் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லையாம், நல்லா காலை நீட்டிக்கிட்டு வந்தேன் லா என்று அதைப் பெருமையாக வேறு சொல்கிறார். நாம் குளிக்கிற வாளியில் கொட்டினார். சீ! ஒன்று அசையவே இல்லை. செத்துப்போச்சு, நாறுது, தூக்கிப் போடுங்க என்றால், அது மயக்கம் டொரத்தி, பயணக் களைப்பு என்கிறார். கையில் இரண்டு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நானே அதைக் குப்பையில் போட்டேன். மிச்சத்தை என் இட்லிச் சட்டியில் அவித்தார், இனி அதில் இட்லி வைத்தால் யார் தின்பது? ஓட்டைப் பிரித்ததும் உள்ளேயிருந்து மஞ்சளாகக் கருப்பாகக் குழகுழவென்று என்னவோ வழிந்தது, அதை விரலால் வழித்து நக்கிவிட்டு இதுதான் ருசியே என்றார். காலுக்குள் இருக்கும் சதையைக் குத்தி எடுக்க என் கொண்டை ஊசியை எடுத்திருக்கிறார் பாவி மனுஷன், நான் பூசைக்குக் குத்திக்கொண்டு போகிற ஊசி. அதில் வெங்காயம், செங்குவாங் கிழங்கு, முட்டை, ஆய்ஸ்டர் சாஸ் எல்லாம் போட்டுப் பிசைந்து, ஓட்டில் அடைத்து, ரொட்டித் தூள் தூவி, போதாததற்குச் சீஸ் வேறு துருவிப் போட்டார். நீங்கள் பார்த்த வீடியோவில் சீஸ் போடவில்லையே என்றேன், இது மாரிஸ் கைவண்ணம் என்று தன் பேரைத் தானே சொல்லிக்கொண்டார். ஓவன் சூடானதும் கிளம்பிய நாற்றம் இருக்கிறதே, தலையணை, திரைச்சீலை, மாதா சுரூபத்துக்குப் போட்ட மல்லிகை வரைக்கும் நண்டுதான். தெருவில் உள்ள பூனையெல்லாம் நம் கேட்டில் வந்து நின்றது. நான் எனக்கென்று பாசிப்பயறு போட்டுக் கொஞ்சம் கஞ்சி வைத்து, தேங்காயும் இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து ஒரு துவையலோடு நிறுத்திக்கொண்டேன், குமட்டலில் ஒரு வெங்காயம் உரிக்கக்கூட மனம் வரவில்லை.

வந்தார்கள். அந்த அம்மா ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்தார், சிரித்த முகமாகத்தான் உட்கார்ந்தார். உன் அப்பா ஓவன் தட்டை அப்படியே தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தார். வரிசையாக ஓடுகள், ஒவ்வொன்றிலும் கண் வேறு முழித்துக்கொண்டு. அந்த அம்மா முகம் வெளுத்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சாப்பிடுங்க, சூடா இருக்கு என்று இவர் இன்னும் கிட்டத்தில் தள்ளுகிறார். ஹுய் மின்தான் மெதுவாகச் சொன்னாள், அங்கிள், இன்று பௌர்ணமி, அம்மா சைவம் என்று. நமக்கு வெள்ளிக்கிழமை ஆடு கோழிதான் கூடாது, கடலில் நீந்துவதெல்லாம் கூடும். அவர்களுக்கு மீன் நண்டு மட்டுமல்ல, பூண்டு வெங்காயம்கூட ஆகாதாம். நாமும் அவரைப் போலவே சைவம் இருப்பவர்கள் என்று நம்பித்தான் அந்த அம்மா அந்த நாளைப் பார்த்து வந்திருக்கிறார். என் பிள்ளையின் கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். உன் அப்பாவை அந்த ஓவனுக்குள் தள்ளிப் பூட்டலாம் போல இருந்தது.

அந்த அம்மா நாற்றம் தாங்காமல் எழுந்து சமையலறைப் பின்வாசலில் போய் நின்றார். நானும் பின்னாலேயே ஓடி, எனக்குத் தெரிந்த மலாயில் மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுப்பில் இருந்த கஞ்சியை எட்டிப் பார்த்து இது யாருக்கு என்றார். எனக்குத்தான், நண்டு நாற்றம் என்னால் தாங்க முடியாது என்றேன். அவ்வளவுதான், என் கையைப் பிடித்துக்கொண்டார் கிறிஸ்! அவர் பிறந்தது கிள்ளானுக்கு அப்பால் இருக்கிற நண்டுத் தீவிலாம், சின்ன வயதெல்லாம் நண்டு உரித்தே விரல் நாறிப்போனதாம், சைவம் இல்லாத நாளிலும் அதைத் தொடமாட்டாராம், அவர் வீட்டுக்காரர் மட்டும் வாங்கிக்கொண்டு வந்து உயிரை எடுப்பாராம். பூண்டு வெங்காயம் உண்டா என்று கேட்டார், இல்லை என்றதும் தானே ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் பின்வாசலில் ஸ்டூலைப் போட்டுக் கஞ்சி குடித்தோம். முன்னால் உன் அப்பாவும் ஹுய் மின் அப்பாவும் ஓட்டை உறிஞ்சுகிற சத்தம் வரும்போதெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முகம் சுளித்தோம். துவையலை மறுபடியும் கேட்டு வாங்கினார்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, டொரத்தி என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். சீனர் கல்யாண விருந்தில் நண்டு இல்லாமல் இருக்காதாம், ஆனால் நம் பிள்ளைகள் விருந்தில் நண்டு வேண்டாம், சரியா என்றார். சரி சரி என்று தலையை ஆட்டினேன். கென்னத் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். உன் அப்பா விரலை நக்கிக்கொண்டே, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

நாள் குறித்ததும் சொல்கிறேன், லீவுக்கு இப்போதே எழுதிப் போட்டு வை. வரும்போது எனக்கு நல்ல கொண்டை ஊசியாகப் பார்த்து வாங்கி வா, பழையதை எறிந்துவிட்டேன். உன் அப்பாவுக்கு இனிமேல் சட்டைத் துணி போதும், அடுப்படிச் சாமான் ஒன்றும் வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு, ஜெபம் பண்ணாமல் தூங்காதே. ஆண்டவரும் மாதாவும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அன்பு அம்மா,
டொரத்தி