எல்கடுவ பாதையில் நடுங்கும் விளக்கு

2025 ஜூன் 9, திங்கள்

வேலை முடிந்து எல்கடுவவிலிருந்து காரில் இறங்கும்போது மறுபடியும். முன்விளக்கு இரண்டும் சேர்ந்து நடுங்கின, குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோல். ஆறு மணிகூட ஆகவில்லை. தேயிலைக்கு மேல் பனி இறங்கிவிட்டால் அங்கே எல்லா நேரமும் இருட்டுதான்.

வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. என் கணவர் தர்மேந்திரன் சோற்றைப் பிசைந்தபடியே, "கரண்ட் காரு வேணாம்னு அன்னைக்கே சொன்னேன். வித்துருவோம். நீ வேன்ல போயிட்டு வா" என்றார்.

தொழிற்சாலை வேன் மாலை நாலு மணிக்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு கீழே கிளம்பிவிடும். ஜூலையிலிருந்து மாலை ஷிப்டின் தரப் பரிசோதனை முழுதும் என் பொறுப்பு. இரசாயனவியல் படித்துவிட்டு இத்தனை வருடம் இன்னொருவர் கையெழுத்துக்குக் கீழே வேலை செய்தேன். வேனில் போனால் அந்தப் பொறுப்பு எனக்கு இல்லை. அது தர்மேந்திரனுக்கும் தெரியும்.

ஜூன் 12

றிஸ்கானின் கராஜ். பொனட்டைத் திறந்தவர் ஆரஞ்சு நிற வயர்களைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மேடம், இதுல கை வச்சா கரிக்கட்டதான்."

அது மோட்டாருக்குப் போகும் வயர், விளக்குக்குப் பெட்ரோல் கார்போலவே பன்னிரண்டு வோல்ட் பெட்டரி தனியாக இருக்கிறது என்றேன். காதில் விழவில்லை. "லைட் ரெண்டையும் ஜப்பான்ல இருந்து எடுக்கணும். இல்லாட்டி காரக் குடுத்துருங்க, வாங்க நம்மகிட்ட ஆள் இருக்கு."

இரண்டு விளக்கும் ஒரே நொடியில் எப்படிப் பழுதாகும்? கேட்டேன். சிரித்தார். "புருசன் பொஞ்சாதி மாதிரி மேடம். ஒண்ணுக்கு வந்தா மத்ததுக்கும் வரும்."

ஜூன் 13

அந்த "ஆள்" நிஸ்தார் என்ற ஒருவராம். தர்மேந்திரன் ஏற்கெனவே பேசிவிட்டார். அடுத்த ஞாயிறு காரைப் பார்க்க வருகிறாராம். கார் என் பெயரில் இருக்கிறது. வரட்டும்.

ஜூன் 15

பன்னிரண்டு வோல்ட் பெட்டரியைப் புதிதாக வாங்கி நானே மாற்றினேன். றத்தோட்டைப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். அதே நடுக்கம். அளக்காமல் முடிவுக்கு வந்தால் இப்படித்தான். ஆய்வுகூடத்தில் இதையே வேறு யாராவது செய்திருந்தால் விட்டிருப்பேனா?

ஜூன் 18

மெனேஜர் கூப்பிட்டார். "மிசிஸ், ஈவினிங் ஷிப்ட் கஷ்டம்னா சொல்லுங்க, வேற ஆள் போடலாம்."

"கஷ்டம்னு நான் சொல்லலையே சேர்."

"உங்க ஹஸ்பண்ட் கோல் பண்ணாரு."

என்ன நெனச்சிக்கிட்டு இருக்காரு இந்த மனுசன்? நாப்பத்தெட்டு வயசு எனக்கு. ஸ்கூல் பிள்ளைக்கு லீவு கேக்குற மாதிரி கோல் பண்ணுவாரா? வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஒன் நல்லதுக்குத்தான்" என்றார். அதற்கு மேல் பேசினால் நான் அழுவேன், அவர் வென்றுவிடுவார்.

மெனேஜரிடம் சொல்லிவிட்டேன்: ஜூலை ஒன்றாம் தேதி நான் வருவேன்.

ஜூன் 21, சனி

விளக்கைப் போட்டுவிட்டு மீட்டரை எடுத்தேன். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பெட்டரியில் பதினாலு வோல்ட். விளக்கில் பதினொன்று. மூன்று வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது. போகும் வயரில் குறை இல்லை. அப்படியானால் திரும்பி வரும் வழி, எர்த். ஒரு துண்டு வயரால் விளக்கின் எர்த்தை நேராக பெட்டரியோடு தொட்டேன். நடுக்கம் நின்றது. சுவரில் இரண்டு வெளிச்சமும் ஆணி அடித்ததுபோல் நின்றன.

எர்த் வயர்கள் சேரும் போல்ட் இடதுபக்க மூடிக்குக் கீழே இருக்கிறது. மூடியைக் கழற்றினேன். போல்ட்டில் பச்சைப் பாசிபோல் செம்புக் களிம்பு. அதில் சுற்றிய மெல்லிய கம்பியில் கறுத்துச் சுருங்கிய ஒரு எலுமிச்சை, மேலும் கீழும் மிளகாய்.

கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். டீவி ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

பார்த்தார். டீவியை நிறுத்தினார். "மாரியம்மன் கோயில்ல பூச போட்ட அன்னைக்குக் கட்டினது. முன்னுக்குத் தொங்கவிட நீதான் ஒத்துக்கல."

"போல்ட்ட கழட்டியா கட்டுவாங்க?"

"ஆடாம இருக்கணும்ல."

புளிச்சாறு சொட்டிச் சொட்டி எர்த்தை அரித்துவிட்டது என்று விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு சொன்னார்: "பாத்தியா, ஒனக்கு வர இருந்த கண்டம் லைட்டோட போயிருச்சு."

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. "மெனேஜருக்கு நீங்களே கோல் பண்ணிச் சொல்லுங்க."

"என்னான்னு?"

"எலுமிச்சங்காய்னு."

போல்ட்டை உப்புத்தாளால் வெள்ளி தெரியத் தேய்த்து, இறுக்கி, மேலே கிறீஸ் பூசினேன். பெட்டரியிலும் விளக்கிலும் இப்போது ஒரே அளவு.

ஜூன் 22

நிஸ்தார் வந்தார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். கோல் பண்ணியாகிவிட்டதா என்று அவர் முன்னாலேயே தர்மேந்திரனிடம் கேட்டேன். பண்ணிவிட்டாராம்.

ஜூலை 4, வெள்ளி

மாலை ஷிப்டில் நான்காவது நாள். வேலை முடிந்து வெளியே வந்தால் தொழிற்சாலை கேட்டில் தர்மேந்திரன், தலையில் துவாயோடு. பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறார். "ஒரு தடவ ஒங்கூட வந்து பாக்குறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. கதவைத் திறந்துவிட்டேன்.

நல்ல பனி. விளக்கு பாதையின் வெள்ளைக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தது. முதல் வளைவில் "மெதுவா" என்றார். இரண்டாவதிலும் "மெதுவா". அப்புறம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வளைவில் ஹோர்ன் அடித்தே ஆகவேண்டும். அடித்தேன். எழும்பவில்லை.