அத்தை வீட்டு ஸ்கிரீன் கம்பி

அன்பு மகள் சின்னவளுக்கு,

இங்கே நான் நலம், பக்கத்து வீட்டில் உன் அத்தை நலம், என் வலது கண் முக்கால் நலம். இடது கண்ணைப் பற்றி உனக்கே தெரியும், அது எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே கையைக் கழுவிக்கொண்டு, மாஸ்க்கை மூக்குக்கு மேல் போட்டுக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய வீடியோவில் மாப்பிள்ளை அதைத் தாடைக்குப் போட்டிருந்ததாக உன் அத்தை சொன்னாள், தாடை வழியாகக் கிருமி போகாது என்று அவரிடம் பக்குவமாகச் சொல். கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் எனக்குச் சத்தமாகத்தான் பேச வரும், சுவருக்கு அந்தப் பக்கம் உன் அத்தை இருக்கிறாள், அவளுக்குப் பாம்புக் காது. போன கடிதம் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதியது. அதில் அத்தை என்னைத் தங்கமாகத் தாங்குகிறாள் என்று மூன்று இடத்தில் வந்திருக்கும், நான் சொன்னது ஒரு இடத்தில்தான். இதை நானே எழுதுகிறேன், கோழி கிளறியது போல இருந்தாலும் என் கையெழுத்து, அதற்காகவாவது சந்தோஷப்படு.

முதலில் வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொள்கிறேன். ஊரெல்லாம் தொற்று, கண் ஊசியை அடுத்த மாசம் பாத்துக்கலாம், வாசப்படி தாண்டாதம்மா என்று நீ சொன்னாய், நானும் நல்ல பிள்ளையாகச் சரி என்றேன். தாண்டிவிட்டேன், ஒரு முறை இல்லை, மூன்று முறை. ஊசியைத் தள்ளிப்போட்டால் மிச்சமிருக்கிற கண்ணும் நடுவில் இருண்டுவிடும், பிறகு வந்து பயனில்லை என்று கண் டாக்டர் போனில் சொல்லிவிட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள், எனக்கு அது எழுத்துக்கு எழுத்துப் பொருந்தியது. மறைக்காமல் சொல்கிறேன், ரொம்பப் பயந்துபோனேன். கிருமிக்கும் பயம், இருட்டுக்கும் பயம், கடைசியில் இருட்டுப் பயம்தான் ஜெயித்தது. உன்னிடம் சொன்னால் நீ அங்கே தூங்கமாட்டாய் என்று உன் அத்தையிடம் சொன்னேன். நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணி, ஆனா நான் சொல்றபடிதான் நடக்கணும் என்றாள். அதுதான் வினையே.

அவளுக்கும் எனக்கும் நடந்த ஸ்கிரீன் சண்டை உனக்கு மறந்திருக்காது. அவள் வீட்டு ஹால் ஜன்னலுக்குக் கரும்பச்சையில் ஸ்கிரீன் துணி வாங்கி மாட்டி, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியபோது, நடுவில் என்னம்மா இவ்வளவு பெரிய கறை என்று நான் கேட்டுத் தொலைத்தேன். டிரை கிளீனிங் கடை வைத்திருப்பவள் வீட்டில் போய்க் கறை என்றால் சும்மா விடுவாளா. மூன்று முறை துவைத்தாள், மூன்று முறையும் கறை அங்கேயே இருக்கிறது என்றேன், பேச்சுவார்த்தை நின்றது. பிறகு டாக்டர் பார்த்துவிட்டு, கறை துணியில் இல்லை, உங்கள் கண்ணில்தான் என்றார். அவளும் சமாதானமாகிவிட்டாள், ஆனால் வாய்க்கு வாய் குத்திக்காட்டுவதை மட்டும் விடவில்லை. சாம்பாரில் உப்பு குறைவு என்றால்கூட, உப்பு சாம்பார்ல இருக்கு அண்ணி, கறை மாதிரி உங்களுக்குத்தான் வேற எங்கயோ தெரியுது என்பாள்.

ஆஸ்பத்திரிக்குப் பஸ் இல்லை. ஆட்டோ வேண்டாம் என்றாள், யார் தும்மின சீட்டோ. சரி, நடப்போம், உன் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன், கண் தெரியாதவர்கள் அப்படித்தானே நடப்பார்கள். அங்கேதான் சிக்கல். தும்மினால் முழங்கைக்குள் தும்மு என்று தெருவெல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், உன் அத்தைக்கோ கடைத் தூசியில் விடிந்தால் அடைந்தால் தும்மல். இருக்கிற கிருமியை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, அதையே பிடிக்கக் கொடுத்தால் எப்படி என்று அவளே யோசித்தாள். யோசித்து, மறுநாள் ஒரு நீளக் கம்பியோடு வந்தாள். டேப் வைத்து அளந்திருக்கிறாள், சரியாக ஆறடி. முன் முனை அவளுக்கு, பின் முனை எனக்கு. கடையில சும்மா கிடந்துச்சு என்றாள். நடக்க நடக்க அதில் வளையங்கள் கலகலவென்று ஆடி, என்ன ஏது என்று தெரியாமலே தெருவில் எல்லாரும் ஒதுங்கினார்கள். அவள் வலது பக்கம் திரும்பினால் நான் பின்னால் லாரி மாதிரி அகலமாகத் திரும்ப வேண்டும். ஒரு முறை அவள் தும்மிய வேகத்தில் கம்பி என் வயிற்றில் இடித்தது. ஆறடி தள்ளி இருந்தும் தும்மல் வந்து சேர்ந்ததே என்றேன், நடங்க அண்ணி, பேசினாலும் கிருமி என்றாள், வழியெல்லாம் அவள் மட்டும் பேசினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி நிறுத்தினார். இது என்னம்மா என்றார். ஸ்கிரீன் கம்பி என்றாள் இவள். அதக் கேக்கல, அந்த முனையில என்றார். அது எங்க அண்ணி என்றாள். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஹாலில் யார் கண்ணும் படக்கூடாது என்று பட்டப்பகலிலும் ஜன்னலை மூடி வைப்பவள், எனக்காகக் கம்பியைக் கழற்றிக்கொண்டு, வீட்டைத் தெருவுக்குத் திறந்துபோட்டுவிட்டு வந்திருக்கிறாள். குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கிவிட்டேன். மாஸ்க் இருந்ததால் தப்பித்தேன், இல்லாவிட்டால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பாள். மூன்று முறையும் இதே ஊர்வலம்தான். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் கம்பியையும், அதில் தொங்கும் ஸ்கிரீன் துணியையும் சேர்த்துக் கிருமிநாசினியில் முக்கியெடுத்து, காய்ந்த பிறகுதான் மாட்டுவாள். ஆஸ்பத்திரியில் ஒரு முறை நான் உள்ளே ஊசிக்குக் காத்திருந்த நேரத்தில், டாக்டர் வெளியே அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, ரொம்பப் பழசா இருக்கே, உங்க கண்ணையும் பாத்துடலாமா என்றதற்கு, நான் துணைக்கு வந்தவ, நோயாளி இல்ல என்று முறைத்தாளாம்.

இனிதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைக் கூப்பிட்டு, தன் ஹால் வாசலில் தள்ளி நிற்க வைத்து, இப்பச் சொல்லுங்க அண்ணி, கறை இருக்கா என்று கேட்டாள். கேட்டவள் குரல் வழக்கம்போல் இல்லை. பார்த்தேன், கறை இருந்தது. இத்தனை ஊசியும் வீணா என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மெல்லப் பார்வையைச் சுவருக்கு நகர்த்தினேன். முன்பெல்லாம் நான் எங்கே பார்த்தாலும் கறையும் கூடவே வரும், இது வரவில்லை, துணியிலேயே நின்றது. கீழே ஓரத்தில், உள்ளங்கை அளவு, கிருமிநாசினி பட்டு வெளுத்துப்போன நிஜக் கறை. என் கண்ணுக்கு அவ்வளவு ஓரத்தில், அவ்வளவு சின்னது தெரிகிறது. இல்லவே இல்லையம்மா, கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றேன். உன் அத்தை முகத்தை முழங்கைக்குள் புதைத்துக்கொண்டாள். தும்மல் என்றாள். தும்மல் சத்தம் எதுவும் வரவில்லை.

ஆக, துவைக்கத் தெரிந்தவளுக்குத் தன் வீட்டுக் கறை தெரியவில்லை, அவள் கண்ணையும் உடனே பார்த்தாக வேண்டும். நச்சரித்துச் சம்மதிக்க வைத்துவிட்டேன், அடுத்த வாரம் போகிறோம். சொட்டு மருந்து விடுவார்கள், திரும்பி வரும்போது அவளுக்குப் பார்வை மங்கலாகத்தான் இருக்கும். அதனால் வரும்போது கம்பியின் முன் முனை எனக்கு.

நீ வேளைக்குச் சாப்பிடு, கூட்டத்தில் போகாதே, என் ஆயுளையும் சேர்த்து நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, கரும்பச்சையில் ஸ்கிரீன் துணி, ஆறடிக் கம்பிக்குத் தகுந்த அளவு, வாங்கி என் பெயருக்கு அனுப்பு. அவளுக்குப் புதுக் கண்ணாடி வருவதற்குள் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
வாசப்படி தாண்டிய உன் அம்மா