ஐந்தாவது பெயர்

பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இருமல் போய்விட்டது. இந்த மூன்றும் தெரியாமல் நீ மேலே படிக்கமாட்டாய் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சம்மதப் படிவம் எங்கே?

ஐந்து வாரத்துக்கு முன்னால் அனுப்பினேன். ஒரே ஒரு பக்கம். கைதானவர் பெயர், கைதான தேதி, குடும்பத்தாரின் கையெழுத்து. மருந்துக்கடையில் ஒரு நாளைக்கு இருநூறு சீட்டு பார்க்கிற உனக்கு இதை நிரப்ப இரண்டு நிமிடம் ஆகாது. வீட்டார் எழுதிக் கொடுக்காமல் எங்கள் லுத்தரன் திருச்சபை எந்த மேடையிலும் யாருடைய பெயரையும் சொல்லாது. பேராயரே கேட்டாலும் அந்த விதி வளையாது.

ஏப்ரல் 9 அன்று உலக நாடுகளின் மனித உரிமை அமர்வு. திருச்சபைக்கு அங்கே பேசக் கிடைப்பது இரண்டு நிமிடம். பட்டியல் மார்ச் 20 அன்று மூடிவிடும். அடுத்த வாய்ப்பு செப்டம்பரில்தான். அத்தானை அந்த நாட்டுச் சோதனைச் சாவடியில் பிடித்து ஏழு மாதம் ஆகிறது. இதையெல்லாம் உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியிருப்பதே எரிச்சலாக இருக்கிறது.

இங்கே அலுவலகத்தில் இருப்பவர்கள் ஏற்கெனவே என் உயிரை வாங்குகிறார்கள். ஒவ்வொரு கூட்டமும் ஜெபத்தோடு தொடங்கும். ஜெபத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்குப் பிறகு நடப்பதில்தான். அறிக்கை எழுதும் பெரியவருக்கு நான் காற்புள்ளி என்று பெயர் வைத்திருக்கிறேன். நேற்று அவர் 'கவலை' என்று எழுதுவதா, 'ஆழ்ந்த கவலை' என்று எழுதுவதா என்று மதியம் முழுக்கப் பேசினார். அத்தான் நீர்ப் பொறியாளர். அகதி முகாமில் பம்பு நின்றுபோனால் அவர் ஆழ்ந்த கவலை தெரிவிப்பாரா, ஸ்பேனரை எடுப்பாரா?

நான் வந்தபோது கேஸ் பதிவேடு குப்பைக்கூடை மாதிரி இருந்தது. ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று கேஸாக இருந்தார். முழுக்க நானே திருத்தி எழுதினேன். இப்போது ஒரு படிவம், ஒரு ஆள், ஒரு எண். அத்தானுக்கு எண் ஒதுக்கி வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால் போதும்.

ஃபோனில் இதைப் பேசாதே. அந்தப் பக்கம் வரும் போதகர் கையில் திருச்சபையின் தபால் பை இருக்கும். அதில் போடு.

தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

இருமல் போனதில் சந்தோஷம். உன் கடிதத்தை அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இவன் லெட்டர் எழுதுறானா, சம்மன் அனுப்புறானா?" என்று கேட்டார். மகன் சிறையில் இருக்கிற வருத்தத்திலும் உன்னைக் கிண்டல் செய்ய அவருக்குத் தெம்பு இருக்கிறது.

படிவம் சமையலறை மேசையில்தான் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன். அவரைப் பிடித்த அன்று அந்த வண்டியில் போனவர்கள் ஐந்து பேர். முகாமிலிருந்து அந்த அரசாங்கம் இரவோடு இரவாகக் கொண்டுபோனவர்களின் பட்டியலை ஐந்து பேரும் சேர்ந்துதான் எழுதினார்கள். ஐந்து பேரையும்தான் பிடித்தார்கள். உன் படிவத்தில் பெயருக்கு ஒரு கோடுதான் இருக்கிறது.

செவிலி, மொழிபெயர்ப்பாளர், பம்பு மெக்கானிக், ஓட்டுநர் என்று மற்ற நாலு பேர் வீட்டுக்கும் எழுதியிருக்கிறேன். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. அங்குள்ள சபைப் பெண்கள் படித்துச் சொல்கிறார்கள். இரண்டு வீட்டிலிருந்து பதில் வந்துவிட்டது. இன்னும் இரண்டு வரவேண்டும். அதற்குத்தான் இந்த ஐந்து வாரம்.

அந்தக் கோட்டைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்று பார்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

முடியாது. பெரிதாக்குவது பிரச்சினை இல்லை, இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவேன். செய்யக்கூடாது என்பதுதான் விஷயம்.

நன்றாகக் கேள். அத்தான் திருச்சபையின் ஊழியர். அவருக்காகக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. மற்ற நாலு பேர் அந்த நாட்டுக் குடிமக்கள், மாதக் கூலிக்கு வந்தவர்கள். 'எங்கள் ஆட்களைப் பற்றிப் பேச நீ யார்' என்று அந்த அரசாங்கம் கேட்கும். இரண்டு நிமிடத்தில் ஒரு பெயர் சொன்னால் அறையில் இருப்பவர்கள் காதில் விழும். ஐந்து சொன்னால் வருகைப்பதிவு எடுப்பது மாதிரி இருக்கும்.

அந்த நாலு பேர்மேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் உன் கையெழுத்து உன் புருஷனுக்கு. ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போட உன்னை யார் நியமித்தது?

காற்புள்ளியோடு ஒரு வருஷம் வேலை செய்தும் இப்படி எனக்குத் தலைவலி வந்ததில்லை. கூடப் பிறந்தவள் ஒரு கடிதத்தில் வரவழைத்துவிட்டாய். இன்னும் பதினோரு நாள்தான். போட்டு அனுப்பு.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

இத்துடன் ஐந்து படிவங்கள் இருக்கின்றன. ஒரு படிவம், ஒரு ஆள். உன் விதிப்படிதான், குறை சொல்ல முடியாது. ஓட்டுநரின் மனைவி வைத்தது கைநாட்டு. நீல மை பரவியிருக்கிறது, அழுக்கு என்று நினைத்துத் தள்ளிவிடாதே.

என் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: 'ஐந்து பெயரும் சொல்லப்பட்டால்தான் இந்தச் சம்மதம் செல்லும்.' மற்ற நாலு வீட்டாரிடம் நான் அப்படி எழுதி வாங்கவில்லை. எனக்கு மட்டும்தான் அந்த நிபந்தனை.

காரணம் கேட்பாய். உன் அத்தானை மட்டும் விட்டுவிட்டால், அந்தப் பட்டியலை எழுதிய குற்றம் முழுக்க அந்த நாலு பேர் தலையில் விழும். வெளிநாட்டுச் சபை அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதும் சிறைக்குத் தெரிந்துவிடும். அப்படி வீட்டுக்கு வந்தால் அந்த மனுஷன் என் முகத்தில் விழிப்பாரா? நீயும் அவரோடு பழகியவன்தானே.

இன்னொன்று. பெயர்களை வாசிக்கும்போது அவருடையது கடைசியில் வரட்டும். வண்டியில் ஒரு பதிவுப் புத்தகம் இருக்கும், நீ பார்த்திருக்கமாட்டாய். கிளம்பும்போது எல்லாரும் அதில் பெயர் எழுத வேண்டும். அவர்தான் பொறுப்பாளர் என்பதால் எல்லாரும் ஏறினார்களா என்று பார்த்துவிட்டு, கடைசியில்தான் எழுதுவார், பிறகுதான் ஏறுவார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் மாறியதில்லை. இங்கே மட்டும் முதலில் ஏற்றிவிடாதே.

அக்கா


மார்ச் 29

அக்கா,

பதினெட்டாம் தேதி பை வந்தது. அன்று சாயங்காலமே ஐந்தையும் கூட்டத்தில் வைத்தேன். இரண்டு மணி நேரம் இழுப்பார்கள் என்று நினைத்து ரொட்டி வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கே நிமிடம். எல்லாரும் உன் வரியைப் படித்தார்கள், எல்லாரும் சரி என்றார்கள். இந்த ஆட்களை எனக்குப் புரியவில்லை.

நேற்று ஒத்திகை. பேராயர் வாசிக்க, நான் கடிகாரத்தைப் பிடித்தேன். இரண்டு நிமிடம் பத்து நொடி வந்தது. அதில் இருபது நொடி அவைத்தலைவருக்கு நன்றி. நன்றியை வெட்டலாம் என்றேன். பேராயர் என்னைப் பார்த்து, "நன்றி சொல்லாம எப்படி தம்பி பேச்சைத் தொடங்குறது?" என்று உண்மையாகவே கேட்டார். கடைசியில் காற்புள்ளிதான் பேனாவை எடுத்து, 'ஆழ்ந்த கவலை' இருந்த வாக்கியத்தை முழுசாக அடித்தார். அவர் அடித்தே நான் பார்த்ததில்லை. "கவலைய எல்லாருக்கும் தெரியும், பேருதான் தெரியாது" என்றார். இப்போது ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு.

மிச்சம் இரண்டே நொடி. இரண்டு நிமிடம் ஆனதும் மைக் தானாக அணைந்துவிடும், யாருக்காகவும் பொறுக்காது. அதனால் கையைப் பிடித்துக் கேட்கிறேன்: அத்தான் பெயரை முதலில் வைக்க விடு. ஐந்தும் இருக்கும், வரிசை மட்டும் மாறும். பதிவுப் புத்தகத்தில் மைக் கிடையாது, அக்கா.

நாளை புறப்படும் பையில் இது வரும். சரி என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு.

தம்பி


ஏப்ரல் 9

அக்கா,

உன் வார்த்தை வந்தது. 'கடைசியில்' என்று ஒரே சொல். அப்படியே செய்தோம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பேராயர் தொடங்கினார். நாற்பதாவது நொடியில் அந்த நாட்டுப் பிரதிநிதி மேசையைத் தட்டி ஆட்சேபம் எழுப்பினார். அவைத்தலைவர் கடிகாரத்தை நிறுத்தி, ஆட்சேபத்தைத் தள்ளி, தொடருங்கள் என்றார். கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கியது. நம் பேராயர் என்ன செய்தார் தெரியுமா? அவைத்தலைவருக்கு மறுபடியும் நன்றி சொன்னார். ஐந்து நொடி. ஐம்பது வருஷம் பலிபீடத்தின் முன் நின்று பழகிய மரியாதை. அது வாயில் தானாக வந்துவிட்டது.

செவிலி. மொழிபெயர்ப்பாளர். மெக்கானிக். ஓட்டுநர். சிவப்பு விளக்கு. மைக் போய்விட்டது.

ஐந்தாவது பெயரை அவர் தொண்டை கிழியச் சொன்னார். முன்வரிசைக்குக் கேட்டிருக்கும். ஆனால் மைக்கில் ஏறாதது அவைக்குறிப்பில் ஏறாது. நான் போய்க் கேட்டேன், கெஞ்சினேன், சத்தமும் போட்டேன். ஏறாது.

நாலு பேர் பெயர் உலகத்தின் பதிவில் இருக்கிறது. உன் புருஷன் பெயர் இல்லை. இதுதானே நீ கேட்டது? திருப்தியா?

தம்பி


ஏப்ரல் 30

அக்கா,

மூன்று பை வந்தது. எதிலும் உன் கடிதம் இல்லை.

போன கடிதத்தின் கடைசி வரியை எழுதியிருக்கக்கூடாது. எழுதியதில் எதையும் வாபஸ் வாங்கவில்லை, அந்த ஒரு வரியைத் தவிர.

பேராயர் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் என் மேசை அருகே நிற்கிறார். ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், போய்விடுகிறார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று தெரியும். கேட்டுவிட்டால் நானும் பரவாயில்லை என்று சொல்லவேண்டி வரும். அதனால் நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திட்டியாவது எழுது.

தம்பி


மே 21

தம்பிக்கு,

உன் ஏப்ரல் ஒன்பதாம் தேதிக் கடிதத்தைப் பிரித்து, பாதியில் மடித்து, மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். மீதியைப் படிக்கப் பத்து நாள் ஆனது. திட்ட நினைத்தேன். பிறகு நானே என்னைக் கேட்டுக்கொண்ட கேள்வியைத்தான் நீயும் கேட்டிருக்கிறாய் என்று விட்டுவிட்டேன். திருப்தி இல்லை, தம்பி.

போன வாரம் நாலு பேரையும் விட்டுவிட்டார்கள். குறிப்பில் ஏறிய அதே நாலு பேர். உன் அத்தான் உள்ளே இருக்கிறார்.

சபைப் பெண்கள் மூலம் ஓட்டுநர் எழுதி அனுப்பியிருக்கிறார். அவரும் உன் அத்தானும் கடைசிவரை ஒரே அறையில்தான் இருந்தார்களாம். ஆள் பாதியாகிவிட்டாராம். ஆனால் அறைக் குழாய் ஒழுகுகிறது என்று காவலர்களோடு தினமும் சண்டையாம். 'வாஷர் கொடுங்க, நானே போடுறேன்' என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கொடுத்துவிட்டார்களாம். இதைப் படித்ததும் அத்தை சிரித்தார். அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டார்.

நாலு பேரைக் கூப்பிட்டபோது இவர் வாசல்வரை வந்து, ஒவ்வொருவரும் வெளியே போகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றாராம்.

ஓட்டுநர் கடைசியில் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறார்: "அஞ்சாவது ஆள் ஏறாம நான் வண்டிய எடுத்ததே இல்லை. இப்பவும் எடுக்கமாட்டேன். நான் எங்க வந்து என்ன சொல்லணும்னு உங்க தம்பிகிட்ட கேளுங்க."

கேட்கிறேன். சொல்.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறேன். இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. பொய் எழுத மனமில்லை.

ஓட்டுநர் நேற்று வந்து சேர்ந்தார். விசாவுக்காக எத்தனை கதவு தட்டினேன் என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன், இப்போது எழுதினால் கெட்ட வார்த்தை வரும். மனைவியையும் குழந்தைகளையும் எல்லை தாண்டி அவர் தங்கை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். இதைப் பேசினால் ஊருக்குத் திரும்பிப் போக முடியாது என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். அலுவலகத்தின் நாலு மாடியும் ஏறி வந்தவர் உட்காரவில்லை. முதலில் உன் படிவத்தைக் காட்டச் சொன்னார். கீழே நீ எழுதிய வரியைப் பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்துச் சொல்ல, தலையாட்டினார். பக்கத்திலேயே தன் மனைவியின் நீலக் கைநாட்டைப் பார்த்ததும் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

செவிலி, மொழிபெயர்ப்பாளர், மெக்கானிக் மூன்று பேரும் சாட்சியம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இந்த அலுவலகத்தில் நானூற்றுப் பதினெட்டு கேஸ் இருக்கிறது. கூடவே பிடிபட்டவர்கள் நாலு பேர் வெளியே வந்து சாட்சி சொல்லும் கேஸ் இது ஒன்றுதான். நான் சொன்னபடி ஏப்ரலில் ஒரே பெயரை வைத்திருந்தால் இது இருந்திருக்காது. இதை ஒரு தடவைதான் எழுதுவேன், பத்திரமாக வைத்துக்கொள்.

பதிவேட்டை மாற்றி எழுதிவிட்டேன். ஒரு படிவத்தில் இப்போது எத்தனை பெயர் வேண்டுமானாலும் போடலாம். நீ கேட்டபோது இரண்டு நிமிட வேலை என்றேன். பன்னிரண்டு நாள் ஆனது.

நாளை மறுநாள் அமர்வு. இந்த முறை பேராயர் பேசவில்லை. அவரே ஒதுங்கிக்கொண்டு, திருச்சபையின் இரண்டு நிமிடத்தையும் விட்டுக்கொடுத்திருக்கிறார். போன வாரம் என் மேசைக்கு வந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டேன். இரண்டு பேரும் காபி குடித்தோம். மன்னிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

நன்றி கிடையாது, முன்னுரை கிடையாது. முதலில் அத்தான் பெயர். அளந்து பார்த்துவிட்டேன்: மூன்று நொடி. மிச்சம் நூற்றுப் பதினேழு நொடியும் ஓட்டுநருக்கு.

தம்பி