ஜூலையில் சூரியன் எவ்வளவு தூரம்

நிகோராவின் அம்மாவுக்கு,

பெரியவர்களுக்கு என் சலாம். அங்கே சில்லா, அந்த நாற்பது நாள் உச்சக் கோடை, தொடங்கி வெயில் கொளுத்தும். மதியத்தில் நம் நிகோராவை வெளியே விடாதே. இங்கிலாந்தின் கோடை எனக்கு ஒத்துக்கொள்கிறது. கம்பளிச் சட்டையோடு ஸ்ட்ராபெரி பறிக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். கூடப் பறிக்கும் கிர்கிஸ்காரன் தாலாய்பெக், "சூரியன் கிட்ட வர்றதாலதான் கோடை வருது, வாத்தியாரே" என்றான். பதினெட்டு வருடம் புவியியல் நடத்தியவன் சும்மா இருப்பேனா?

"ஜூலையிலதான் தம்பி சூரியன் ரொம்பத் தள்ளி இருக்கு. பூமி சாஞ்சு சுத்துது. இப்போ நம்ம பாதி அது பக்கம் சாஞ்சிருக்கு. வெயில் நேரா விழுது, பகலும் நீளுது" என்று ஒரு பழத்தைக் காம்பைப் பிடித்துச் சாய்த்துக் காட்டினேன்.

"அப்போ இங்க ஏன் குளிருது?"

அதையும் விளக்கினேன். முடித்துத் திரும்பினால் மேற்பார்வையாளர் நிற்கிறார். மெதுவாகப் பறிப்பவர்கள் பட்டியலில் என் பெயர் இரண்டாம் முறை ஏறிவிட்டது. மூன்றாம் முறை ஏறினால் ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். நீ கவலைப்படாதே, இப்போதெல்லாம் நான் வாயே திறப்பதில்லை.

யாராவது இங்கே வந்தால் உலர்ந்த பாதாமிப் பழம் கொடுத்துவிடு. அறையில் ஆறு பேர் இருக்கிறோம். ஒளித்துத் தின்ன ஒருவனுக்குப் போதுமான அளவு மட்டும் அனுப்பு.

வண்டி வந்துவிட்டது. பள்ளியில் என் இடத்துக்கு வேறு யாரையாவது போட்டுவிட்டார்களா என்று மெல்ல விசாரித்து வை. நான் கேட்டதாகச் சொல்லாதே.

ஃபர்ருக்