மூன்று துண்டு வில்லும் என் தராசுக் கண்ணும்

சம்பந்தி அம்மாவுக்கு,

நேற்று சாயங்காலம் என் வீட்டில் ஊதுவத்தி கொளுத்தினேன். மாதா படத்துக்கு இல்லை. மாடியிலிருந்து இறங்கி வந்த பசை நாற்றத்துக்கு. குச்சியைப் பற்றவைத்து ஜன்னல் கம்பியில் செருகிய பிறகுதான் என் கை அப்படியே நின்றது. இதே வேலையை நீங்கள் செய்து நான் பார்த்திருக்கிறேன். சிதம்பரத்தில் உங்கள் வீட்டுக்கு நான் முதல்முறை வந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்வதற்குள் எழுந்து போய் இரண்டு வத்தி கொளுத்தினீர்கள். ஒன்று போதாதா? இரண்டு. அன்று நான் இரண்டு தரம் குளித்து, பெட்டியில் இருந்த புடவையைக் கட்டி, பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். முப்பது வருஷம் கருவாடு விற்றவள் மேல் கருவாட்டு வாசனை இருக்கத்தான் செய்யும். அந்த இரண்டு வத்தியை நான் இன்றுவரை அணைக்கவில்லை.

பசை யாருடையது என்று கேட்பீர்கள். உங்கள் மகளுடையதுதான். ஜெனி வில் செய்கிறாள். விளையாட்டுச் சாமான் இல்லை, அம்பு விடுகிற நிஜ வில். காலேஜில் படித்தபோது அவள் விட்டது காலேஜ் வில்லாம், படிப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். இப்போது மஞ்சக்குப்பத்து ஆபீசில் ஃபைல் பார்த்துவிட்டு வந்து, இரண்டு மணி நேரம் மொட்டைமாடியில் மரம் இழைக்கிறாள். கழற்றி மாட்டுகிற வில்தான் வேண்டுமாம். நடுவில் ஒரு பிடிக்கட்டை, மேலே ஒரு கை, கீழே ஒரு கை, இரண்டையும் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். வேலை முடிந்தால் மூன்று துண்டாகப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரம் போய், அவள் படித்த காலத்து மைதானத்திலேயே விட வேண்டும் என்பது அவள் ஆசை.

பிடிக்கட்டைக்கு எடுத்த மரம் எது தெரியுமா? நீங்கள் நோட்டு திருத்துவீர்களே, அந்த மேசைப் பலகை. உங்கள் வீட்டைக் காலி செய்தபோது அவள் கேட்டு வாங்கி வந்தது அது ஒன்றுதான். அதை ரம்பத்தால் அறுக்கிறாள் என்று பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. "அம்மா மேசையைப் போய் அறுக்கறியே, கை வருதா ஒனக்கு?" என்றேன். "சும்மா மூலையில கெடக்குறதுக்கு கையில இருக்கட்டுமே அத்தை" என்றாள். உங்கள் சிவப்பு மை கொட்டிய கறை ஒன்று பிடிக்கட்டையில் விரல் படுகிற இடத்திலேயே நிற்கிறது. எத்தனை உப்புத்தாள் தேய்த்தும் போகவில்லை.

மை என்றதும் நான் எதற்கு வருவேன் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பூசை முடிந்து கோவில் ஆபீசில் சாட்சிக் கையெழுத்து. எல்லாரும் நிற்கிறார்கள், சாமியார் நிற்கிறார். நீங்கள் கைப்பையைத் திறந்து ஒரு மை டப்பாவை எடுத்து என் பக்கம் தள்ளினீர்கள். "சம்மந்தி அம்மாவுக்கு இது சௌகரியமா இருக்கும்." நான் மூன்றாம் வகுப்பு படித்தவள். என் பெயரை எழுதுவேன், நேரம் கொடுத்தால் கடிதமும் எழுதுவேன், பஸ் போர்டு படிப்பேன், பைபிளில் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வந்த கோபத்தில் கட்டைவிரலை மையில் அமுக்கி, ரேகை அழிகிற மாதிரி ரிஜிஸ்டரில் குத்தினேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அன்றிலிருந்து உங்களோடு பேச்சை நிறுத்தினேன். பதினோரு வருஷம்.

ஒன்றை மட்டும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்த அன்று, "எங்க ஜெனி வில்லு விடுவா, காலேஜ்ல அவதான் ஃபர்ஸ்ட்" என்று நீங்கள் முகமெல்லாம் பல்லாகச் சொன்னீர்கள். நான் என்ன சொன்னேன்? "எங்க வூட்டுல மீன் அரிய தெரிஞ்சா போதும்." உங்கள் பல் உள்ளே போய்விட்டது. மை டப்பா பிறகுதான் வந்தது.

இப்போது வில்லுக்கு வருகிறேன். என் பயமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

வில்லின் கை ஒரே மரம் இல்லை சம்பந்தி. மெல்லிய மூங்கில் பட்டையும், பார்சலில் வரவழைத்த கண்ணாடி நார்ப் பட்டையும் அடுக்கடுக்காக வைத்து, நடுவில் எபாக்ஸி பசை தடவி, வளைந்த அச்சில் வைத்து இறுக்க வேண்டும். பழைய சைக்கிள் டியூப்பை நீள நாடாவாக வெட்டிச் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறாள். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன். முதலில் செய்த ஜோடியை மாட்டி, நாண் ஏற்றி, பாதி இழுத்தாள். லாரி டயர் வெடித்த மாதிரி 'டப்' என்றது. மேல் கை உரிந்து போய்விட்டது. தெறித்த மூங்கில் சிம்பு தண்ணீர்த் தொட்டியில் குத்தி நின்றது. அவள் கண்ணுக்கும் அது போன வழிக்கும் ஒரு சாண்தான் இருக்கும்.

அவள் சிரிக்கிறாள். "ரொம்ப இறுக்கிட்டேன் அத்தை. பசையெல்லாம் வெளிய வந்துடுச்சு, ஒட்ட ஒண்ணும் மிச்சமில்ல."

"போதும்டி. கண்ணு போனா பார்சல்ல வருமா?"

"கண்ணாடி வாங்கிப் போட்டுக்குறேன்."

"எனக்கு யாரு வாங்கிப் போடுவா? பார்த்துக்கிட்டு நிக்கறது நானு."

மகனிடம் சொன்னேன். ஷிஃப்ட் முடிந்து வந்தவன், "நீ சொல்லி அவ கேட்டுட்டாலும். வுடும்மா" என்று சோற்றைப் பிசைந்தான். இரண்டு நாள் கழித்து, வெல்டிங்காரர் போடுகிற மாதிரிக் கண்ணாடி ஒன்று வந்தது. மறுபடி பசை, மறுபடி டியூப். எனக்கு ராத்தூக்கம் போனது.

இரண்டாம் ஜோடியை அவள் உடனே கையில் பிடித்து இழுக்கவில்லை. சுவரில் கட்டை அடித்து, வில்லைப் படுக்கை வசமாக வைத்து அதன் நடுவை அதில் உட்கார வைத்து, நாணில் கயிறு கட்டி, அதைக் கீழே ஒரு உருளையில் மாட்டித் தூரத்தில் நின்று இழுக்கிறாள். உடைந்தால் சுவரோடு போகும். இரண்டு கையும் ஒத்து வளைகிறதா என்று அப்படித்தான் பார்க்க வேண்டுமாம். "மேல் கை ஒரு இம்மி அதிகமா வளையலாம் அத்தை. கீழ் கை அதிகமா வளைஞ்சா தப்பு. அதிக பாரம் அதுல ஏறி ஒடைஞ்சிடும்."

மாடிக்கதவில் நின்று பார்த்தேன். நடுவில் தொங்க, இரண்டு பக்கமும் இறங்குகிற அந்த உருவத்தை நான் எப்படி அறியாமல் இருப்பேன்? என் கைத்தராசு அது. கடலூர் முதுநகரில் சரக்கெடுத்து, குமராட்சிப் பக்கம் மினி பஸ்ஸில் கூடையோடு கடைசி சீட்டில் உட்கார்ந்து போய், ஸ்ரீமுஷ்ணம் சந்தை வரைக்கும் பிடித்த தராசு. முள்ளைப் பார்க்க வேண்டியதே இல்லை, தட்டு இறங்கினால் எனக்குத் தோளிலேயே தெரியும். வாங்குகிறவர்கள் பக்கம் எப்போதும் ஒரு இம்மி இறக்கிக் கொடுப்பேன். அது வியாபாரத்து மரியாதை.

ஜெனி கயிற்றை இழுத்தாள். அவள் கண் எவ்வளவு தூரம் இழுத்தோம் என்கிற ஸ்கேலில். என் கண் வில்லில். கீழ் கை மேல் கையைவிட அதிகமாக இறங்கியது. இன்னும் இழுத்தாள், இன்னும் இறங்கியது. எனக்குச் சத்தம் வரவில்லை சம்பந்தி. 'என்னை யார் கேட்டார்கள்' என்று உள்ளே ஒருத்தி நின்றாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது என் வலது கை தானாக மேலே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் பேத்திக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது சொல்வீர்களே, "தப்பைப் பார்த்தா கையைத் தூக்கணும்" என்று. நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் காது அங்கேதான் இருந்தது.

ஜெனி கயிற்றைத் தளர்த்தினாள். "என்ன அத்தை?"

"கீழ இறங்குது."

அளந்து பார்த்தாள். அரை விரல் வித்தியாசம். முகம் வெளுத்துவிட்டது. "இன்னும் ரெண்டு அங்குலம் இழுத்திருந்தா போயிருக்கும். ஸ்கேல் வெச்சும் எனக்குத் தெரியல, எப்படிப் புடிச்சீங்க?"

"தராசு புடிச்ச கண்ணு. ஒரு பக்கம் இறங்குனா தெரிஞ்சிடும்."

"எது இறங்குனாலுமா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"ஒங்கம்மாவுக்கு வாய் இறங்குனதும் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வருஷமாக என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது அந்த ஒரு வாக்கியம்தான். பேத்தி கோவிலில் முதல்முறை நற்கருணை வாங்கிய புது நன்மை விருந்தில் நீங்கள் எதிர் வரிசையில் உட்கார்ந்து பாயசம் குடித்தீர்கள். இடது கடைவாயில் பாயசம் வழிந்தது, உங்களுக்குத் தெரியவில்லை. எழுந்தபோது இடது கால் செருப்பு கழன்று பின்னால் நின்றுவிட்டது, நீங்கள் வெறும் காலோடு நாலடி நடந்தீர்கள். இடது தோள் தட்டு மாதிரி இறங்கியிருந்தது. யாரோ கேட்டதற்குப் பல்வலி என்றீர்கள். அது பல்வலி இல்லை என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரின் அண்ணன் அப்படித்தான் கோணிக்கொண்டு விழுந்தார். எழுந்து இரண்டடி வந்தேன். 'நானா போய்ச் சொல்லணும், அவுங்க பெரிய டீச்சராச்சே' என்று நின்றேன். மூன்றாம் நாள் சிதம்பரத்திலிருந்து போன் வந்தது, பாத்ரூமில் விழுந்துவிட்டீர்கள் என்று. அதற்குப் பிறகு நீங்கள் கண்ணே திறக்கவில்லை. கருவாடு வாங்க வந்த முகம் தெரியாத சனத்துக்கெல்லாம் ஒரு இம்மி இறக்கிக் கொடுத்த கை, உங்களுக்கு அதைக் கொடுக்கவில்லை.

"எப்போ?" என்றாள் ஜெனி.

சொன்னேன்.

"ஏன் அத்தை சொல்லல?"

"பேச்சுவார்த்தை இல்லையே" என்றேன். வெளியே வந்து விழுந்தபோதுதான் அது எவ்வளவு சின்னப் பேச்சு என்று தெரிந்தது.

அவள் நாணை இறக்கினாள். இரண்டு போல்ட்டையும் கழற்றினாள். மூன்று துண்டையும் பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி இறங்கிப் போனாள்.

மூன்று நாள். "சாப்பாடு வெச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். 'அத்தை' விட்டுப்போனது. மாடிக்கதவு பூட்டியே கிடந்தது. வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். பெட்டி கட்டுவாளோ, மகனிடம் சொல்வாளோ, பிள்ளையிடம் சொல்வாளோ என்று ஒவ்வொரு மணியும் எண்ணினேன். பேசாமல் இருப்பவளாக இருப்பது சுலபம் சம்பந்தி. பேசப்படாதவளாக மூன்று நாள் இருந்தேன், மூச்சு முட்டியது. உங்களை நான் பதினோரு வருஷம் அங்கே நிறுத்தியிருந்தேன்.

நேற்றுதான் பசை நாற்றம் திரும்ப வந்தது. நாண் மாட்டும் முனைகளில் சின்ன மரத்துண்டு ஒட்டியிருக்கிறாள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியபோது எனக்கு அழுகை வந்தது. அழுதபடியேதான் ஊதுவத்தி கொளுத்தினேன், பழக்கதோஷம்.

இன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தவள் டீகூடக் குடிக்காமல் மேலே போனாள். மேல் கையும் வளைந்து கொடுக்கிற மாதிரி அதன் ஓரங்களை உப்புத்தாளால் தேய்க்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. பிறகு படியில் எட்டிப் பார்த்தாள்.

"அத்தை. மேல வாங்க."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அவள் போட்டிருந்த மாதிரியே இன்னொரு கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். "இதப் போட்டுக்குங்க." வில் சுவரில் இருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, வில்லைப் பார்த்தே பேசினாள்.

"முழுசா இழுக்கப் போறேன். எதுனா தெரிஞ்சா கையைத் தூக்குங்க."

அவள் அம்மாவின் பேச்சு அது என்று அவளுக்குத் தெரிந்துதான் சொன்னாளா, வாயில் வந்துவிட்டதா, நான் கேட்கவில்லை.

கயிறு உருளையில் முனகியது. இரண்டு கையும் இறங்கின. தூக்க வேண்டி வந்தால் தூக்க, வலது கையைப் புடவையில் துடைத்து வைத்துக்கொண்டேன். இறங்கின, இன்னும் இறங்கின, நின்றன. மேல் கை ஒரு இம்மி கூடுதல். வாங்குகிறவர்கள் பக்கம். கை தூக்க வேண்டி வரவில்லை.

"என்ன?" என்றாள்.

"சரியா இருக்கு."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க அத்தை."

மறுபடி பார்த்தேன். மறுபடி சொன்னேன். மெதுவாகத் தளர்த்திவிட்டு அப்படியே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் அவள் கண் என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் என்னை மன்னித்தாளா என்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போகும்போது நானும் வர வேண்டுமாம். அவள் நாண் இழுக்கும்போது தள்ளி நின்று பார்க்க ஆள் வேண்டுமாம்.

எனக்கு இப்போது யார் முகத்தையும் சும்மா பார்க்க முடிவதில்லை. முந்தாநாள் பஸ்ஸில் ஒருத்தர் வாய் ஒரு பக்கம் புடைத்திருந்தது. "என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?" என்று கேட்டுவிட்டேன். வெற்றிலையை அடக்கியிருந்தாராம். "வேற வேல இல்லியா கெழவி?" என்று திட்டினார். திட்டட்டும். கை தூங்க மாட்டேன் என்கிறது.

இரண்டு வத்தியில் ஒன்றை இன்று அணைத்துவிட்டேன் சம்பந்தி. இன்னொன்று இருக்கட்டும், அவ்வளவு சீக்கிரம் என்னால் முடியாது. எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துவிடுங்கள். கீழே என் பெயரைப் பேனாவால் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரி, பெரிதாகவே எழுதியிருக்கிறேன்.